நான்கு முனை முடிச்சு

என் அம்மா பத்தொன்பது வருடமாக ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறவள். அதைச் சுற்றுலாக் குழுவில் யாரிடமும் சொல்லாதே என்று கிளம்பும் முன்பே சத்தியம் கேட்டாள். நான் செய்து கொடுக்கவில்லை. விமானத்தில் பக்கத்து இருக்கை டாக்டர் வீட்டம்மா, "அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டதும் சொன்னேன். "ஓ" என்றார். அந்த "ஓ" பயணம் முழுக்க எங்களோடு கூடவே வந்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிப் படியேறியவள் நான். பாஸ்போர்ட் எடுத்ததும் நான்தான் முதலில். அம்மாவை வெளிநாடு கூட்டிப் போகிறேன் என்றதும் பெரியப்பா சிரித்தார். "உங்கம்மா அங்க போய் எந்த ரூமைக் கூட்டப் போறா?" அந்தச் சிரிப்புக்காகவே டிக்கெட் போட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரு வேளையாவது அம்மா நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவளுடைய எச்சில் தட்டை இன்னொருவர் எடுக்க வேண்டும்.

எங்கே நடந்தது? காலை உணவுக் கூடத்தில் நின்றபடியே ரொட்டியை டீயில் நனைத்து விழுங்கிவிட்டு, மேசையில் கிடக்கும் தட்டுகளை அடுக்கத் தொடங்கிவிடுவாள். முதல் நாள் "ஐயோ, விடுங்க" என்றவர்கள் இரண்டாம் நாள் பேச்சை நிறுத்தாமலே தட்டை அவள் பக்கம் தள்ளினார்கள். மூன்றாம் நாள் டாக்டர் வீட்டம்மா, கை துடைத்த காகிதத்தையும் கசக்கி மேலே வைத்துத் தள்ளினார்.

"ஏம்மா மானத்தை வாங்குற?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுடி."

ஊர் சுற்றும்போதும் அதே கதைதான். அரண்மனையில் எல்லோரும் கூரை ஓவியத்தை அண்ணாந்து படம் பிடிக்க, அம்மா குனிந்து தரையைப் பார்த்தாள். "இந்தக் கல்லுக்கு ஆசிட் ஆகாது, பழுத்துடும். தெரிஞ்ச கைதான் துடைக்குது." ஐந்தாம் நாள் கேபிள் காரில் ஏறியதிலிருந்து கண்ணைத் திறக்கவே இல்லை. உச்சியில் இறங்கி, "மலை எங்கடி?" என்றாள். "நீ நிக்கிறதே மலைதாம்மா." குனிந்து காலடியைப் பார்த்துவிட்டு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள். அதை மட்டும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அவள் வாய்விட்டு ஆசைப்பட்டதும் ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஹோட்டலின் மொட்டைமாடிக்குக் கீழே, சுற்றிலும் கண்ணாடி வைத்த உணவகம் ஒன்று இருந்தது. "அங்க உக்காந்து சாப்பிட்டா ஊரே தெரியுமில்ல?" எங்கள் குழுவுக்குச் சாப்பாடு கீழ்த்தளக் கூடத்தில்தான்.

மலையிலிருந்து திரும்பி அறைக் கதவில் சாவி அட்டையை வைத்தேன். திறக்கவில்லை. தட்டினேன். இடுப்பில் துண்டோடு எவனோ ஒருத்தன் திறந்தான்.

கீழே ஓடினோம். எங்கள் பெட்டிகள் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் நின்றன. அறையைக் காலி செய்துவிட்டோம் என்று நினைத்து வேறு ஆளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். மாத்திரைப் பட்டை, சீப்பு, எல்லாம் இருந்தன. ஈரத்தோடு காயப் போட்டிருந்த சேலைகூட உலர்ந்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்திருந்தது. "எவ்வளவு நறுவிசா வச்சிருக்கா பாரு" என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

அதற்குள் எங்கள் டூர் மேனேஜர் ஹோட்டல் அதிகாரியிடம் பேசிவிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "ஜாக்பாட்ம்மா! ரூம் க்ளீன் பண்ற பொம்பள தானா காலி பண்ணிட்டான்னு நீங்க ஒரு கம்ப்ளெயிண்ட் எழுதிக் குடுத்தா போதும். நஷ்ட ஈடா மொத்த குரூப்புக்கும் இன்னிக்கு டின்னர் மேல, கண்ணாடி ரூம்ல. ஃப்ரீ!"

பின்னால் கை தட்டினார்கள். "சீக்கிரம் எழுதும்மா, நீதான் படிச்ச பொண்ணாச்சே" என்றார் டாக்டர் வீட்டம்மா. ஐந்து நாளில் என் படிப்பு அவர் கண்ணில் பட்டது அப்போதுதான்.

நான் பேனாவை எடுத்துவிட்டேன். அதை மறைக்க மாட்டேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பதுதான் எனக்குத் தெரிந்தது. அதிகாரி என்னிடம் ஆங்கிலத்தில், கவலைப்படாதீர்கள், அவளுக்கு இன்றோடு வேலை இல்லை என்றார். அவருக்குப் பின்னால், தள்ளுவண்டியைப் பிடித்தபடி அந்தப் பெண் நின்றாள். அம்மா வயதுதான் இருக்கும். ரப்பர் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"என்னடி சொல்றாரு?"

சொன்னேன்.

அம்மாவின் முகம் வெளுத்தது. "காலையில பெட்ஷீட்டை உருவி மூட்டை கட்டி வாசல்ல வச்சேனே, நீ பாக்கல?"

"எதுக்கும்மா?"

"நாலு நாளா நாம படுத்த அழுக்கு. இன்னொருத்தி குனிஞ்சு எடுக்கணுமான்னு தோணுச்சு. நம்ம லாட்ஜுல வாசல்ல மூட்டை இருந்தா ஆள் போயாச்சுன்னு அர்த்தம், உள்ள கிடக்கிற சாமானை எடுத்துக் கீழ வச்சிடுவோம். இங்கயும் அதேதான் போல. எனக்குத்தான் புத்தி வேலை செய்யல."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, அதை இங்க யாரு கேட்டா? நீங்க வாயைத் திறக்காதீங்க, பாப்பா கையெழுத்து போடட்டும்."

"மூட்டை கட்டினது நானு. அவ பொழப்புல ஏன் மண்ணைப் போடணும்?"

"அவ யாரு, உங்க கூடப் பொறந்தவளா?"

அம்மா அவரைத் தாண்டி நடந்தாள். நேராகப் போய்த் தள்ளுவண்டியிலிருந்து ஒரு விரிப்பை இழுத்துப் பளிங்குத் தரையில் விரித்தாள். இரண்டு தலையணை உறைகளை நடுவில் போட்டாள். எதிரெதிர் முனைகளைச் சேர்த்து முடிந்து, மற்ற இரண்டையும் அதன் மேல் குறுக்கே போட்டு ஓர் இழுப்பு இழுத்தாள். மூட்டையைத் தூக்கி மேசை மேல் வைத்துவிட்டு, தன் நெஞ்சில் விரலால் குத்திக் காட்டினாள். "நான். நான் கட்டினேன்."

அந்தப் பெண் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் பேனாவை மூடினேன். தவறு எங்களுடையது, இவரை ஒன்றும் செய்யக் கூடாது, செய்தால் இந்த ஹோட்டலைப் பற்றி இணையத்தில் நான் எழுதுவது வேறு மாதிரி இருக்கும் என்று அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். என் ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம்தான். கோபத்தில் யார் இலக்கணம் பார்த்தார்கள்? அவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்லி, வேலையைப் பார்க்கப் போ என்பதுபோல் கையைக் காட்டினார். எங்களுக்கு வேறு அறையின் அட்டையைக் கொடுத்தார்.

"இருபது பேர் சாப்பாட்டைக் கெடுத்துட்டீங்க" என்றார் மேனேஜர்.

"உங்க சாப்பாடு கீழ இருக்கு சார். ஆறிடப் போகுது, போங்க."

"இதுக்குத்தான் தராதரம் பாத்து ஆள் சேக்கணும்கிறது" என்று யாரோ முனகினார்கள். நான் திரும்புவதற்குள் அம்மா என் கையைப் பிடித்தாள். ரூமிலேயே இருந்துவிடலாம் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பசிக்குதுடி. வா."

கீழ்க்கூடத்தின் நீள மேசையில் எங்களுக்கு இடம் விடவில்லை. ஓரத்துச் சிறிய மேசையை மேனேஜர் கண்ணால் காட்டினார். அம்மா ஒரு நாற்காலியை இழுத்துவந்து டாக்டர் வீட்டம்மாவுக்கு எதிரே போட்டாள். "கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா." தள்ளிக்கொண்டார்கள். எனக்கும் ஒன்று போட்டாள்.

அன்று உட்கார்ந்து சாப்பிட்டாள். சூப், மீன், சோறு, மறுபடியும் மீன். பரிமாறுகிறவர் வந்தபோதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். கண்ணாடியும் இல்லை, ஊரும் தெரியவில்லை. எதிரே சுவர்தான்.

சாப்பிட்டு முடித்த டாக்டர் வீட்டம்மா, பக்கத்திலிருந்தவரிடம் பேசியபடியே, பழக்க தோஷத்தில் தட்டை அம்மா பக்கம் தள்ளினார். மேலே கசக்கிய காகிதம்.

அம்மாவின் கை எழுந்தது.

ஒரே விரலால் தட்டைத் திருப்பித் தள்ளினாள்.

"இது உங்க தட்டும்மா" என்றாள். பிறகு என்னிடம், "அந்த மீனை இன்னும் ஒண்ணு கொண்டாரச் சொல்லுடி."