ஒரு விரற்கடைத் துணி

ஸ்டெபின் தன் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் கூரையில் ஓட்டை போட்டதற்குக் காரணம் அவன் மனைவி ஆஷா. "உன் வண்டியில உட்கார்ந்தா அவிஞ்சு போறேன். காத்து வர வழி பண்ணு, இல்ல வித்துடு" என்று சொல்லிவிட்டாள். அந்தக் காலத்து வண்டியில் ஏசி வைக்க அவனுக்கு மனமில்லை. புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில், நொறுங்கிப்போன ஒரு வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய மடக்குத் துணிக்கூரை கிடைத்தது. சட்டம், துணி, கொக்கி எல்லாவற்றையும் குரோம்பேட்டைக்குக் கொண்டுவந்தான்.

கூரையை வெட்டியபிறகுதான் வம்பு தெரிந்தது. ஹெரால்டின் கூரை வளைவு, சட்டமோ தட்டை. நடுவில் அழுத்தினால் ஓரம் தூக்கியது. சர்ச்சுக்கும் போகாமல் ஞாயிறெல்லாம் மல்லுக்கட்டி, சட்டத்தை வளைத்து ஒருவழியாகத் திருகினான். இப்போது துணி எட்டவில்லை. வெயிலில் கிடந்து சுருங்கியிருந்ததால், கொக்கிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் இழு ஆஷா!"

"நகமே போச்சு! அளந்துட்டு வெட்டியிருக்கலாம்ல?"

அளந்துதான் வெட்டினான். அதுதான் எரிச்சல்.

அடுத்த சனிக்கிழமை, கூரை திறந்தே இருக்கட்டும் என்று மறைமலை நகரில் ஆஷாவின் தங்கை சினேகா வீட்டுக்குக் கிளம்பினார்கள். பெருங்களத்தூரில் மழை பிடித்துக்கொண்டது. ஆஷா துணியை இழுத்துப் பிடித்தபடி வந்தாள். தண்ணீர் முழங்கை வழியாக மடியில் கொட்டியது. வண்டலூர் சிக்னலில் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"ஏறு ஆஷா, நனையப் போற!"

"உள்ள மட்டும் என்ன வாழுது?"

ஸ்டேஷனை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் பஸ் ஹாரன் அலறியது. ஸ்டெபின் வண்டியை ஓரங்கட்டி, ஆத்திரத்தில் துணியை ஒரு இழு இழுத்தான். ஊறியிருந்த துணி நெகிழ்ந்து கொடுத்தது. கொக்கி மாட்டிக்கொண்டது.

உடனே ஃபோன் செய்தான். "மாட்டிடுச்சு ஆஷா! நனைஞ்சதும் துணி நீண்டுடுச்சு. அங்கேயே நில்லு, வர்றேன்."

"ட்ரெயின் வந்துடுச்சு. நீ சினேகா வீட்டுக்கு வா. முதல்ல சீட்டைத் துடை."

மாலையில் வெயில் அடித்தது. கூரையைத் திறக்கப் பார்த்தால், காய்ந்து இறுகிய துணி கொக்கியை விடமாட்டேன் என்றது. சினேகா வீட்டு வாசலில் ஸ்டெபின் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான், குத்தினான், வண்டியை உதைக்கவும் உதைத்தான். ஒன்றும் அசையவில்லை.

ஆஷா ஒரு பக்கெட் தண்ணீரோடு வெளியே வந்தாள்.

"தள்ளு" என்று சொல்லி, கூரைமேல் கவிழ்த்தாள்.