கச்சானோடு

...இதே பாலத்தில்தான் இரண்டு பேரும் ஏறியிருப்பார்கள், அவள் முன்னால், அவன் பின்னால், இல்லை, அவன்தான் முன்னால் போயிருப்பான், ஆண்பிள்ளை என்று காட்டிக்கொள்ள வேண்டாமா... கீழே பழவேற்காடு ஏரி, ஓரத்தில் படகுகள், எதிரே கலங்கரை விளக்கம், எதையும் பார்க்கத் தோன்றவில்லை. பிரின்சியின் சைக்கிள். இருக்கை அவள் உயரத்துக்கு வைத்தது, என் முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் ஹேண்டில்பாரை இடிக்கிறது, ஒரு ஸ்பேனர் இருந்தால் இரண்டு நிமிட வேலை, எட்டு மாதமாக அந்த இரண்டு நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை. செத்துப்போன மனைவியைச் சந்தேகப்படுகிறவன் என்று தெரிந்தால் பொன்னேரியில் என்ன சொல்வார்கள்? பாவம், எபினேசருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். பிடிக்கவில்லை. எதுவுமே பிடிக்கவில்லை, அதுதான் விஷயம். டெங்கு, ஐந்து நாள், நவம்பர் மழை, அவ்வளவுதான். சவப்பெட்டியைக் குழியில் இறக்கும்போதுகூட அழவில்லை, கயிறு என் கையை அறுத்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து அவள் போனைத் திறந்தேன். சைக்கிளில் போகிற தூரத்தைப் பதிவு செய்கிற ஆப் ஒன்று, அதில் பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள், ஒவ்வொன்றுக்கும் அவளே பெயர் வைத்திருந்தாள். 'கச்சானோடு கோரைக்குப்பம் வரை.' 'கச்சானுக்கு இன்று கோபம்.' 'வரும்போது கச்சான் முதுகில் கை வைத்துத் தள்ளினான்.' அன்றைக்குத்தான், அவள் போன பிறகு முதல் தடவையாக, என் உடம்பில் ஏதோ ஓடியது.

முதலில் எழுத்துப்பிழை என்றுதான் நினைத்தேன், மச்சானை அவசரத்தில் கச்சான் என்று தட்டிவிட்டாள்... ஆனால் என்னை அவள் ஒரு நாளும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை, எபின் என்றுதான், கோபம் வந்தால் முழுப்பெயர். நான் அவளோடு சைக்கிளில் போனதும் இல்லை. அப்படியானால் யாருடைய மச்சான்? ஒரு தடவை பிழை வரும், பதினோரு தடவையா வரும்? அவள் போனில் க வரிசையைத் தேடினேன், கனகா டீச்சர், கரண்ட் ஆபீஸ், காஸ் சிலிண்டர், அவ்வளவுதான். பெயரை எங்கும் சேர்த்து வைக்கவில்லை, சேர்த்து வைக்காததே பெரிய சாட்சி என்று தோன்றியது. நானே அவனை வளர்த்தேன். ஆறடி. தாடி. நல்ல தொடை, மலையேறுகிற சைக்கிள், கறுப்புக் கண்ணாடி. கும்மிடிப்பூண்டியில் மெஷின் பக்கத்தில் நிற்கும்போது அவனுக்கு ஒரு சிரிப்புக் கொடுத்தேன், மறுநாள் ஒரு குரல் கொடுத்தேன். சனிக்கிழமை எனக்கு நைட் ஷிப்ட், ஞாயிறு காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும், இட்லி மூடி வைத்திருக்கும், சைக்கிள் இருக்காது. மத்தியானம் கண் விழித்தால் அவள் திரும்பியிருப்பாள், முகம் கறுத்து, தலைமுடியில் மணல், கண்ணில் ஒரு பளபளப்பு. அந்தப் பளபளப்பு எனக்கு வந்ததில்லை, அதாவது, என்னால் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறவள், டச்சுக்காரர்கள் கல்லறை, கோட்டை இருந்த மேடு என்று ஆரம்பிப்பாள், நானூறு வருஷம் முந்தி இங்கே கப்பல்காரங்க காத்து திரும்பறதுக்காக மாசக்கணக்கா உக்காந்துகினு இருந்தாங்க, அந்தக் காத்துக்கு இங்க இன்னா பேரு தெரியுமா எபின்... என்ன பேர் சொன்னாள்? நான் தூங்கிவிட்டேன்.

பாலம் முடிந்தது. தெற்கே திரும்பியதும், அதுவரை முதுகுப் பக்கம் இருந்த காற்று வலது கன்னத்தில் அறைந்தது, பல்லுக்குள் மணல். பாலத்துக்கு முன்னால் டச்சுக்காரர்கள் கல்லறையில் நின்றிருந்தேன், வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், உள்ளே பெரிய பெரிய கற்கள், படிக்கத் தெரியாத எழுத்து. புருஷனோடு கடல் தாண்டி வந்து காய்ச்சலில் போனவளும் அதில் ஒருத்தியாவது இருப்பாள். அந்தப் புருஷன் அழுதானா, இல்லை, அவள் துணிப்பெட்டியைத் திறந்து கடிதம் தேடினானா? இது என்ன கேள்வி... கலங்கரை விளக்கம் இப்போது பக்கத்தில். அவள் போனில் இதே இடம் இருக்கிறது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், முடி பறந்து பாதி முகம் தெரியவில்லை, படத்தின் மூலையில் எடுத்தவனுடைய விரல், மங்கலாக, ஒரு சதைத் துண்டு. எத்தனை நாள் அந்த விரலைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பேன். அப்படி வாய்விட்டு அவள் சிரித்த படம் எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை. கண்டுபிடித்தால் என்ன செய்வேன்? அடிக்க மாட்டேன், எனக்கு அடிக்க வராது. ஒன்றே ஒன்று கேட்பேன், என்ன சொல்லி அப்படிச் சிரிக்க வைத்தாய்? அதை மட்டும் சொல்லிவிட்டுப் போ.

காற்று விடவில்லை. ஒரு குப்பம் தாண்டி இன்னொரு குப்பம், ரோட்டில் பாதியை மணல் தின்றுவிட்டது, இறங்கித் தள்ளினேன். ஓலை போட்ட ஒரு டீக்கடை, வெளியே ஒருவர் வலையை மடியில் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தார். இன்னாபா, அந்தாண்ட போவாத, மணலு மூடிகினு கீது, என்றார். நின்றேன். மூச்சு வாங்கியது. இனி கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று தெரிந்தது.

"அண்ணே, இங்க கச்சான்னு ஒருத்தரு இருக்காரா?"

வலை ஊசி நின்றது. "யாரு?"

"கச்சான்."

"ஏ செல்வி! இங்க வாயேன், சாரு கச்சானத் தேடிகினு வந்துகிறாரு!"

கடைக்குள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "எதுக்காம்? பொண்ணு கிண்ணு குடுக்கப் போறாராமா? வாணாம்னு சொல்லு மோகன்ராஜு அண்ணே. அவன் ஒருத்தி சேலையையும் உடமாட்டான்."

சைக்கிளை ஸ்டாண்டில் போட்டேன். "எங்க இருப்பான்?"

"எங்க இருப்பானா?" மோகன்ராஜ் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "காலைலேர்ந்து அவனோட மல்லுக்கட்டிகினுதான வர்ற. மூஞ்சிய பாரு, ஒரு கிலோ மண்ணு! கச்சான்னா காத்து நைனா. தென்மேக்கால இருந்து அடிக்குதே, இதாங் கச்சாங்காத்து. ஆளுன்னு நெனச்சிட்டியா? செல்வி, ஆளுன்னு நெனச்சிட்டாருடி!"

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நான் வாயைத் திறந்து வைத்திருந்தேன். காற்று. முதுகில் கை வைத்துத் தள்ளினான், ஆமாம், திரும்பி வடக்கே போகும்போது தள்ளும். இன்று கோபம், ஆமாம். நிம்மதி வர வேண்டும், வரட்டும் என்று நின்றேன், வரவில்லை. ஆறடியும் தாடியும் குரலும், நான் ஒவ்வொன்றாகச் சேர்த்தது, அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டது. அவன் மேல் இருந்த ஆத்திரத்தில்தான் காலையில் எழுந்தேன், பல் தேய்த்தேன், ஷிப்டுக்குப் போனேன்... இனி எதை வைத்து எழுவது? ஒரு ஆள் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அவனிடம் கேட்டிருக்கலாம். காற்றிடம் என்னவென்று கேட்பது? அவளோடு பதினோரு வாரம் போனது யாரும் இல்லை, நான் போயிருக்கலாம், தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தால்...

செல்வி வெளியே வந்து சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் மாட்டியிருந்த ஒயர் கூடையைத் தொட்டாள். "இது நான் பின்னிக் குடுத்தது. டீச்சரு சைக்கிளாச்சே இது?" என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயே, அந்தத் தூங்குமூஞ்சி ஊட்டுக்காரரு நீங்கதானா! நைட்டு டூட்டி முடிச்சிட்டு வந்து அவரு தூங்கட்டும் பாவம், எழுப்ப மனசு வராதுக்கான்னு சொல்லும். வா, உக்காரு, டீ போடறேன்." அந்தக் கூடை கடையில் வாங்கியது என்று நினைத்திருந்தேன். அவள் பாலை ஆற்றும்போது விரல்களைப் பார்த்தேன், குட்டையான, தடித்த விரல்கள். போட்டோ எடுத்தது நீங்களா என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவளே பேசிக்கொண்டு போனாள். டீச்சர் இவளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்ததாம், பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வருமாம், ஒரு நாள் சொல்லாமல் கையை விட்டுவிட்டதாம், இவள் நேராகப் போய் மோகன்ராஜ் அண்ணன் வலையில் விழுந்தாளாம். அன்னிக்கு டீச்சரு சிரிச்ச சிரிப்பு கீதே, மண்ணுல உக்காந்துகினு, வவுத்தப் புடிச்சிகினு... எனக்கு அந்தச் சிரிப்பு தெரியாது. எப்படி இருக்கும் என்று மனதுக்குள் கேட்டுப் பார்த்தேன், சத்தமே வரவில்லை.

"இன்னும் பிரேக்கு புடிச்சி எறங்கத் தெரியல எனக்கு. பாதிலயே வுட்டுட்டுப் பூட்டாங்க. ஐப்பசியிலேர்ந்து ஆளயே காணோம். மழைன்னு நெனச்சேன், அப்புறம் ஸ்கூல் மாத்திட்டாங்களோன்னு நெனச்சேன். ஏங்க, முழுவாம கீதா?"

மோகன்ராஜ் ஊசியைக் கோத்துக்கொண்டே, "இருக்கும், இருக்கும். அதான் இவரு தனியா வந்துகிறாரு" என்றார்.

செல்வி முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை மாசம் என்று கேட்டாள். நான் சொல்ல வேண்டும். பிரின்சி இறந்துவிட்டாள், மூன்று சொல்கூட இல்லை, எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், பேங்கில், பள்ளிக்கூடத்தில், காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம், நாக்கு தடுக்கியதே இல்லை. இவளுக்கு மட்டும் அவள் இன்னும் எங்கோ இருக்கிறாள், மசக்கையாக, புளிப்பு கேட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு பாலம் ஏறி வரப்போகிறவளாக. எட்டு மாதம் ஒரு காற்றைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், அது ஒன்றுமே இல்லை. டீ டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிற இந்தப் பெண்ணைப் பார்க்கும்போதுதான் நிஜமான பொறாமை வருகிறது, சொல்லிவிட்டால் இவளுக்கும் பிரின்சி இல்லாமல் போய்விடுவாள், இவளும் நானும் ஒன்றாகிவிடுவோம், அதைத்தான் வேண்டுகிறேனா, அதற்குத்தான் வாயைத் திறக்கிறேனா... அவள் விரலை ஒவ்வொன்றாக மடக்கி மாதம் எண்ணத் தொடங்கியிருந்தாள்.