நெவ் பிடித்த முளைக்குச்சி

இப்போதெல்லாம் சாவுக்கு அரைக்கால் சட்டையோடு வருகிறார்கள். ஒருவன் சாம்பல் டப்பாவைப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"டேய், அது என்ன பிறந்தநாள் கேக்கா?"

மெர்வ் தம்பி நெவ்வின் சாம்பலைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கிளப்பில் மிஞ்சிய பீரை ஊர்க்காரர்களிடம் விட்டுவிட்டு, தம்பி மனைவி ஜாய்ஸோடு மூடிக்கிடந்த அனல்மின் நிலையத்துக்கு வண்டியை விட்டார்.

போன தேர்தலில் ஒரு கட்சி, நிலக்கரி போன இடத்தில் அணு உலை கட்டுவோம் என்றது. வேட்பாளர் வந்து, உலைக்கு இடம் குறிப்பதாக மஞ்சள் முளைக்குச்சி ஒன்றை அடித்தார். பிடித்துக்கொண்டது நெவ். பேப்பரில் படம் வந்தது. பேரனுக்கு இங்கேயே வேலை கிடைக்கும், வீட்டை விற்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். கட்சி தோற்றது. அணு உலையே கட்டக்கூடாது என்கிற பழைய சட்டம் அப்படியே இருந்தது. நெவ்வின் நுரையீரல்தான் இருக்கவில்லை.

"அந்தக் குச்சிகிட்டயே போடச் சொன்னாரு," என்றாள் ஜாய்ஸ். "உலைக்கு அடியில மொத ஆளா நான்தான் கெடப்பேன்னு."

"வேலைக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்ல. இதுக்கு மட்டும் மொத ஆளு."

ஜாய்ஸ் சிரித்தாள். பிறகு மூக்கைச் சிந்தினாள்.

குச்சி புல்லுக்குள் சாய்ந்து நின்றது. வேலிக்கு வெளியே, சாலையோரத்தில். குச்சி அடித்த அன்றைக்கு நிலையத்துக்காரர்கள் யாரையும் உள்ளே விடவில்லை. படத்துக்கு இது போதும் என்று வேட்பாளர் இங்கேயே அடித்துவிட்டுப் போய்விட்டார். கவுன்சில் ஆட்கள் புல் வெட்டுகிற இடம். மெர்வுக்குத் தெரியும். ஜாய்ஸ் அன்றைக்கு வரவில்லை.

"இதானே எடம்?"

மெர்வ் வேலிக்குள் பார்த்தார். புகைபோக்கிகள் நின்ற இடத்தில் கல்மேடு.

"இதான்."

குச்சியைப் பிடுங்கினார். குழி நிறையக் கொட்டி, மிச்சத்தைச் சுற்றிலும் தூவினார். காற்று கொஞ்சத்தை அவர் சட்டைமேல் போட்டது. குச்சியைத் திரும்பச் செருகி, பூட்ஸ் குதிகாலால் அடித்து நேராக்கினார்.

"அடுத்த தேர்தல்லயும் உலை கட்டுவோம்னுதான் சொல்லப்போறாங்களாம். இந்தத் தடவ வந்துரும்ல, மெர்வ்?"

"குளிருது. வண்டில ஏறு."

காலி டப்பாவோடு முன்னால் நடந்தார். சட்டையைத் தட்டிவிடவில்லை.