தாளின் முதுகு

ஐம்பது தாள். மூன்று நாளில் நான்கு நிறம் ஏறிவிட்டது. மிச்சம் கறுப்பு. தோவாவின் இடது தோள் மரத்துப்போயிருந்தது. மை பூசிய செதுக்குப் பலகைமேல் தாளைக் கவிழ்த்து, மூங்கில் மடல் சுற்றிய வட்ட வில்லையால் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த அறையில் அவள் கணவன் ஹெய்சுகே, போன மாதம் அவள் அச்சிட்ட எண்பது படங்களின் கீழே பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தான்: தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிட்டது.

முதல் இரண்டும் உண்மை. அச்சிட அவனுக்குப் பொறுமை கிடையாது. அவன் சேர நினைத்த சங்கம், வரைய ஒருவன், செதுக்க ஒருவன், அச்சிட ஒருவன் என்ற பழைய பட்டறை வழக்கத்தை உதறியவர்களுடையது. மூன்றையும் தானே செய்யாதவனுக்கு அங்கே இடமில்லை. போர் முடிந்த பிறகு டோக்கியோவுக்கு வரும் அமெரிக்கர்கள் சங்கத்தார் படங்களைத்தான் கேட்டு வாங்கினார்கள். ஹெய்சுகே விண்ணப்பித்து இரண்டு மாதமாகிறது.

பதினொரு மணிக்குச் சங்கத்திலிருந்து குனிசாவா அந்த விண்ணப்பத்தோடு வந்தார். தோவா எழுந்து தேநீர் வைக்கப் போனாள்.

அவர் ஒரு படத்தை எடுத்தார். முன்பக்கத்தைச் சற்று நேரம்தான் பார்த்தார். திருப்பி, பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறை பிறையாகத் தேய்ப்புத் தடங்கள், வலக்கை வாட்டத்துக்கு நேர்மாறாக வளைந்திருந்தன.

"நீங்க இடது கைக்காரரா?"

ஹெய்சுகேயின் வலது கையில் பென்சில் இருந்தது. "வேலைக்கு மட்டும் இடது. எழுதுறதைச் சின்ன வயசுலயே அடிச்சுத் திருத்திட்டாங்க."

"அப்பிடியா. ஒரு தாள் அடிங்க, பாப்போம். டிராம்ல நின்னுக்கிட்டே வந்திருக்கேன், சும்மா திரும்பக் கூடாது."

ஹெய்சுகே இடது கையில் வில்லையைப் பிடித்தான். தாளின் மூலை பலகையின் அடையாளப் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை. தேய்த்துத் தூக்கினான். படத்திலிருந்த பாலத்தின் கறுப்புக் கோடு விலகி ஆற்றில் கிடந்தது.

"பாலம் குளிக்கப் போயிருச்சு," என்றார் குனிசாவா.

தோவா இரண்டு கைகளாலும் கோப்பையை வைத்தாள். இடது உள்ளங்கையில் காய்ப்பு. நகக்கண்ணில் கறுப்பு. குனிசாவா அதைப் பார்த்தார்.

"நனைச்ச தாளைப் போட்டு வச்சா நாளைக்குப் பூசணம் பிடிச்சிரும். நீங்க உக்காந்து முடிச்சிருங்கம்மா," என்றார் அவளிடம். பிறகு விண்ணப்பத்தை எடுத்துப் பாயில் வைத்தார். "அச்சிட்டதுங்கிற அந்த மூணாவதை எடுத்துட்டு அனுப்புங்க. சேத்துக்குவாங்களா, எனக்குத் தெரியாது."

அவர் தலை மறைந்ததும் ஹெய்சுகே சொன்னான்: "நீ வலது கையால அடிச்சிருக்கலாம்ல?"

"நீங்க அடிச்சிருக்கலாம்."

தோவா பலகை முன்னால் உட்கார்ந்தாள். ஈரத்தாள் காத்திருக்காது. கடைசித் தாளைத் தூக்கும்போது மணி நான்கு. ஹெய்சுகே அதே இடத்தில் இருந்தான். அவன் முன்னால் ரப்பரை வைத்தாள்.

"எண்பது இருக்கு. 'தானே அச்சிட்டது'ங்கிறதை மட்டும் அழிங்க. மெதுவா, தாள் கிழியாம."

"அழிச்சிட்டு அங்க என்ன எழுத?"

"தூங்கி எழுந்து வந்து சொல்றேன்."

கையைக்கூடக் கழுவாமல் பாயில் படுத்தாள்.