இடம் மாறிய துண்டு

நௌஷினின் ரத்தம் சென்னை ஆய்வகத்தில் முதல் தடவையே வளர்ந்துவிட்டது. அவள் கணவன் கபீரின் ரத்தம்தான் வளரவில்லை. குரோமோசோமைப் பார்ப்பதென்றால் ரத்த அணுக்களைச் சில நாள் வளர்த்து, அவை பிரிகிற நேரத்தில் நிறுத்திச் சாயமேற்ற வேண்டுமாம். மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள்.

“உனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சே. அதோட விட வேண்டியதுதானே” என்று கபீர் இழுத்தடித்தான். துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தான்; நாட்கள் கரைந்துகொண்டிருந்தன.

மூன்று பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மாமியார் ஆஸியா பீவி பப்பாளி, மாடிப்படி, ஸ்கூட்டி என்று ஒரு காரணம் கண்டுபிடித்தாள். பதில் சொல்வதை நௌஷின் எப்போதோ விட்டிருந்தாள். கபீரிடமும் வாதாடவில்லை. “வாங்க மச்சான்” என்று மட்டும் சொல்லி, தருமபுரத்தில் ரத்தம் எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனாள்.

முடிவு வந்ததும் டாக்டர் பெரியநாயகி இருவரையும் உட்காரவைத்து, ஜோடி ஜோடியாக அடுக்கிய குரோமோசோம் படத்தில் இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினார்.

“இதுலேர்ந்து ஒரு துண்டு அங்க போயிருக்கு. அங்கேர்ந்து ஒண்ணு இங்க வந்திருக்கு. மொத்தத்துல எதுவும் குறையல. அதனால கபீர் உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஆனா பிள்ளைக்குப் போறப்ப கூடவோ குறைவோ போயிடலாம். அப்ப கரு பெரும்பாலும் நிக்காது.”

“எப்பவுமேவா?” என்றாள் நௌஷின்.

“இல்லம்மா. நல்ல பிள்ளையும் பொறக்கலாம். அடுத்த தடவை நாலாம் மாசத்துல பனிக்குடத் தண்ணிய எடுத்துப் பார்த்துடலாம்.”

“எனக்கு எப்படிங்க வந்துச்சு?” என்றான் கபீர்.

“அம்மாகிட்டேர்ந்தோ அப்பாகிட்டேர்ந்தோ வந்திருக்கலாம். உங்ககிட்டயே புதுசா ஆரம்பிச்சும் இருக்கலாம். யார் மேலயும் தப்பில்ல.”

இந்த நாள் வந்தால் மனம் லேசாகிவிடும் என்று நௌஷின் நினைத்திருந்தாள். ஆட்டோவில் வரும்போது தூக்கம்தான் வந்தது.

வாசலிலேயே ஆஸியா பீவி கேட்டாள். “இவளுக்கு என்னவாம்?”

“இவளுக்கு ஒண்ணுமில்ல உம்மா. எனக்குத்தான்.” டாக்டர் சொன்னதையெல்லாம் கபீர் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தான்.

ஆஸியா பீவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “உனக்கு முன்னாடி எனக்கும் ரெண்டு தங்கல” என்றாள். மருமகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. “என் ரத்தத்தையும் எடுத்துப் பார்ப்பாங்களா?”

“பார்ப்பாங்க மாமி. நாளைக்குப் பேசிக்கலாம்.”

நௌஷின் உள்ளே போய்ப் படுத்தாள். “காலையிலேர்ந்து அவ ஒண்ணும் சாப்பிடலையேடா” என்று கூடத்தில் மாமியார் மகனிடம் சொல்வது கேட்டது. எழுந்து போக அவளுக்குத் தெம்பில்லை.