எட்டு வளையங்கள்

எங்கள் ஐஸ் தொழிற்சாலையில் ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாய் வளரும். சொன்னால் சிரிப்பீர்கள். வருடத்துக்கு ஒருமுறை மோட்டாரை மேலே தூக்கிப் பழுது பார்க்கும்போது, குழாய் தரைக்கு மேல் நாலு விரல் கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் பக்கக் குழாயோடு இணைப்பு பொருந்தாது. ரம்பத்தால் அந்த நாலு விரலையும் அறுத்து எடுத்துவிடுவேன். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘முளை வெட்டுவது’. மோட்டார் அதிர்வதால் குழாய் மேலே ஏறுகிறது என்று ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். இருபது வருட மெக்கானிக் சொன்னால் யார் மறுத்துப் பேசப் போகிறார்கள்?

வெட்டிய வளையங்களை நான் வீணாக்கவில்லை. தொழிற்சாலைச் சுவரை ஒட்டித்தான் அக்காவின் வீடு. அத்தான் போனபிறகு ஒரு தையல் மிஷினை நம்பித் தனியாக இருக்கிறாள். ஆறு கடலில் சேரும் இடம் கூப்பிடு தூரம் என்பதால், பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் பொங்கி உப்புத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். கட்டில் கால்களுக்கு நாலு, மிஷின் கால்களுக்கு நாலு என, கிணறு போட்ட இந்த எட்டு வருடத்து வளையங்களும் அங்கேதான் முட்டுக்கொடுத்து நின்றன. தம்பி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று தெருவே சொன்னது. எனக்கும் கொஞ்சம் மிதப்புதான்.

இதற்குள் அக்கா மூன்று முறை தரையை உயர்த்திவிட்டாள். தரை ஏற ஏற வாசல் குட்டையாகிவிட்டது. நான் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும், தையலிலிருந்து கண்ணை எடுக்காமலே, “தலை பத்திரம்டா” என்பாள். “கடல்தான் வருஷா வருஷம் மேல வருது” என்றும் சொல்வாள். நானும் அவளோடு சேர்ந்து கடலைத் திட்டுவேன்.

ஆழ்துளைக் கிணறுகளால் நிலம் இறங்குகிறது என்று யாரோ மனுக் கொடுக்க, போன வாரம் நில அளவை அதிகாரி ஒரு பெண் வந்தார். குழாயின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டார்.

“இதைப் போட்டப்போ தரைக்கு மேல எவ்வளவு இருந்தது?”

“ஒரு சாண்.”

“இப்பவும் ஒரு சாண்தான் இருக்கு. அப்போ இங்க நிலம் இறங்கலை.” எழுதப் போனார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. “எப்படிங்க கூடும்? நான்தான் வருஷா வருஷம் வெட்டிடறேனே!” என்று பெருமையாகச் சிரித்தேன்.

அவர் பேனாவை மூடினார். “குழாய் மேல வரலைங்க. அதோட கால் முந்நூறு அடிக்குக் கீழ, மணல்ல அசையாம நிக்குது. நீங்க தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச, மேல இருக்கற களிமண்ணு அமுங்கி இறங்குது. தரைதான் குழாயை விட்டுக் கீழ போகுது.” பிறகு கேட்டார். “வெட்டின துண்டு இருக்கா? கண்ணால பார்க்காம நான் எழுத முடியாது. எழுதாட்டி இந்தக் கிணறு ஓடிட்டேதான் இருக்கும்.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலையும் அக்காவிடம் எனக்கிருந்த மரியாதையும் தப்பியிருக்கும். இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அக்கா ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருக்கலாம். ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்தாள். கட்டிலைத் தூக்கச் சொன்னாள், பிறகு மிஷினை. எட்டு வளையங்களையும் உருவி, சுவரோரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தாள்.

“இருபத்திரண்டு இஞ்சு,” என்றாள். “நான் மூணு தடவை தரையை உசத்தினேன். ஒவ்வொரு தடவையும் ஏழு இஞ்சு.”

நான் மேல் வளையத்தின் ரம்பத் தழும்பைத் தடவினேன்.

“அப்போ நான் எதையுமே உசத்தலைடா. இருந்த எடத்துலயேதான் இருந்திருக்கேன். அதுலயும் ஒரு இஞ்சு கொறைச்சல்.” டேப்பைச் சுற்றினாள். “கிணத்தை மூடினா வீடு மேல வருமா?”

“வராதுக்கா. அமுங்கினது அமுங்கினதுதான். இனிமே எறங்கறது கொறையும்.”

“உன் வேலை?”

“போயிடும்.”

அவள் ஒரு சாக்கைக் கொண்டுவந்து வளையங்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள். துணி மடிப்பதைப் போல நிதானமாகப் போட்டாள்.

“இந்தத் தெருவுல இன்னும் பதினாலு வீடு இருக்கு. கொண்டு போய்க் குடு,” என்றாள். “வெட்டினது யாருன்னும் சேத்து எழுதச் சொல்லு.”

கட்டில் வெறும் தரையில் நின்றது. பௌர்ணமிக்கு இன்னும் நாலு நாள்தான். மிஷின் முன்னால் உட்கார்ந்து, பாதி வைத்த காலரை எடுத்துக்கொண்டாள். நான் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் நெற்றி மடேரென்று இடித்தது. பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவள் எதுவும் சொல்லவில்லை.