புதுவீட்டுக்குக் கொடுத்த மெழுகுவர்த்தி

காலையில் கணவர் வேலைக்குக் கிளம்பியதும் அவளுடைய சமையலறை தொழிற்கூடமாகிவிடும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் வைத்த சின்னப் பாத்திரத்தில் மெழுகு மெல்ல இளகும். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் அதில் வெப்பமானியை விட்டுப் பார்ப்பாள். சூடு சற்றுத் தணிந்ததும் ரோஜாவோ எலுமிச்சையோ ஏதாவது ஒரு வாசனை எண்ணெயைக் கலப்பாள். குவளையின் நடுவில் திரியை நிறுத்தி, சாயாமலிருக்கத் துணி மாட்டும் கிளிப் ஒன்றைக் குறுக்கே வைத்து மெழுகை ஊற்றினால், மதியத்துக்குள் உறைந்துவிடும். மாடிப்படி ஏறும்போதே அவள் வீட்டு வாசனை எதிரே வரும். அந்தக் குடியிருப்பில் அவளுக்கு வாசனையக்கா என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியமில்லை. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த வேலை போனபிறகு பொழுதுபோக்காகத் தொடங்கியது இது. கைப்பேசியில் ஒரு பக்கம் திறந்து படங்கள் போட்டாள். புதுவீட்டுக்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல் விழிப்பவர்கள் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். சுவர்க் கடிகாரம் வேண்டாம், ஏற்கெனவே நாலு வந்திருக்கும், ஒரு வீட்டில் எத்தனை மணி அடிப்பது என்பாள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே மெழுகுவர்த்தி வாங்கிப் போவார்கள். ரிப்பன் கட்டி, வீட்டுக்காரர் பெயரெழுதிய சிறு அட்டையும் செருகித் தருவாள்.

அவளிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. புது வகைக் குவளை எதுவானாலும் முதலில் ஒன்றைத் தன் வீட்டில் அடிவரை எரித்துப் பார்ப்பாள். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ஒருமுறை ஒரே நேரத்தில் நிறைய ஆர்டர் குவிந்தபோது, தடிமனான குவளைகள் கடையில் தீர்ந்துபோயிருந்தன. பழச்சாறு குடிக்கும் மெல்லிய கண்ணாடிக் குவளைகளை மொத்தக் கடையிலிருந்து வாங்கி வந்தாள். பார்க்கத் தடிமனானவற்றைவிட அழகாகவே இருந்தன. எரித்துப் பார்க்க நேரமில்லை. கண்ணாடி என்றால் கண்ணாடிதானே என்று ஊற்றிவிட்டாள்.

பத்து நாள் கழித்து, அவளிடம் வாங்கிய தையற்காரி ஒருத்தி படத்தோடு அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தாள். மெழுகுவர்த்தி அடிவரை எரிந்து வரும்போது குவளை படீரென்று வெடித்ததாகவும், பற்றிக்கொண்ட மெழுகு மேசையில் ஓடியதாகவும், நல்லவேளை பக்கத்திலேயே இருந்ததால் அணைத்துவிட்டதாகவும் இருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு வரி: "மத்தவங்களுக்கும் சொல்லிடுங்க அக்கா, குழந்தைங்க இருக்கற வீடா இருந்தா என்ன ஆகறது."

வாசனையக்கா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் என்னவென்று கேட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ விளம்பரம் என்று சொல்லிவிட்டாள். பிறகு தனியாக உட்கார்ந்து, ஃபேனுக்கு அடியில் வைத்திருப்பீர்கள், அதனால்தான் என்று தையற்காரிக்குப் பதில் எழுதினாள். அதுவும் மனசுக்கு ஒப்பாமல், புகாரையே அழித்துவிட்டு, அவள் மறுபடி எழுத முடியாதபடி அவளைத் தடுத்தும் வைத்தாள். தோழிகள் இரண்டு பேரிடம் சொல்லி, நாலு நல்ல வார்த்தை எழுத வைத்தாள். அன்று மாலைக்குள் பக்கம் முழுக்கப் பாராட்டாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அந்த மாதம்தான் நாத்தனார் வீடு வாங்கினாள். கணவரின் ஒரே தங்கை. குழந்தைகள் வார்டில் நர்ஸ். விரல் தடிமன்கூட இல்லாத பிஞ்சுக் கையில் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள் என்று மருத்துவமனையே பேசும். மற்றவர்கள் இரண்டுமுறை குத்தியும் கிடைக்காவிட்டால், அவளைக் கூப்பிடு என்பார்கள். வாடகை வீடுகளில் இடம் மாறி மாறி, கடைசியில் சொந்தமாக ஒரு கதவு வாங்கியிருந்தாள்.

நாத்தனாருக்குச் சின்னதாகக் கொடுக்க வாசனையக்காவுக்கு மனம் வரவில்லை. அதே மெல்லிய கண்ணாடியில் பெரிய அளவிலானது ஒன்று மிச்சமிருந்தது. அதில் மூன்று திரி வைத்து லவங்க வாசனையில் செய்தாள். ஊற்றும்போது தையற்காரியின் மேசை ஒரு கணம் ஞாபகம் வந்தது. எங்கோ ஒன்று வெடித்தால் எல்லாமுமா வெடிக்கும் என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள். கிரகப்பிரவேசத்தன்று விருந்தினர் கூடியிருக்க வாசனையக்காவே அதை ஏற்றியும் வைத்தாள். எல்லோரும் மூச்சை இழுத்து இழுத்துப் பாராட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம். வேலை முடிந்து வந்த நாத்தனார் கூடத்து அலமாரி மேலிருந்த மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுக் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது குவளை இரண்டாகப் பிளந்து, எரியும் மெழுகு அலமாரி விளிம்புவரை வந்துவிட்டிருந்தது. கீழே பாடப்புத்தகங்களோடு மகள், பக்கத்தில் திரைச்சீலை. ஈரத்துண்டு எடுக்கும் நேரம்கூட இல்லை. கையில் கிடைத்த தலையணையால் அமுக்கினாள். மெழுகு அதற்கு அடியில் புகுந்து வலது கைமேல் வழிந்து, அங்கேயே ஒட்டி எரிந்தது.

வீடு பிழைத்தது, பிள்ளையும் பிழைத்தாள். கைக்கு இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கவில்லை. இனி ஊசி பிடிக்க முடியாது என்று மருத்துவர் சொன்னபோது, அவருக்கே அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. மருத்துவமனையில் அவளைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள்.

வாசனையக்கா முதல்முறை பார்க்கப் போனபோது, கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த நாத்தனார்தான் மன்னிப்புக் கேட்டாள். "நீங்க ஆசையா செஞ்சு குடுத்தீங்க அண்ணி. நான் பாத்துக்காம விட்டுட்டேன்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பக்கத்தில் கணவர் நின்றுகொண்டிருந்தார். "அதெல்லாம் ஒண்ணும் நினைக்காத" என்று தலையைத் தடவிவிட்டு எழுந்துவந்தாள்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நாத்தனாரின் கணவர், எரியவிட்டுட்டுப் போனா இப்படித்தான், எத்தனை சொன்னாலும் புத்தி வராது என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். நாத்தனாரும் ஆமாம் என்று தலையாட்டினாள். நாளாக ஆக அவள் வேறு ஆளாக மாறிக்கொண்டிருந்தாள். ஒருநாள் வாசனையக்கா உதவிக்குப் போய்ச் சமைத்து முடித்தபோது, அடுப்பை அணைத்தாயிற்றா என்று நாத்தனார் கூடத்திலிருந்து கேட்டாள். அணைத்தாயிற்று என்றாள் இவள். சற்று நேரத்தில் எழுந்துவந்து தானே திருகிப் பார்த்தாள். திரும்பிப் போனவள் மறுபடியும் வந்தாள்.

"எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்ல அண்ணி. எதச் செஞ்சாலும் தப்பாச் செஞ்சிட்டேனோன்னு தோணுது. பாப்பாவத் தனியாப் பாத்துக்கவே பயமா இருக்கு."

ஒரே குத்தில் நரம்பு பிடித்த அந்தக் கை, மடங்காத விரல்களோடு அடுப்புத் திருகை மறுபடி தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசனையக்காவால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மெல்லிய குவளை, எரித்துப் பார்க்காதது, தையற்காரியின் படம், அழித்தது, தோழிகளை எழுத வைத்தது, எதையும் விடவில்லை.

நாத்தனார் அடுப்பைவிட்டுத் திரும்பினாள். அழுவாள் என்று இவள் நினைத்தாள், திட்டுவாள் என்று நினைத்தாள். அவள் கேட்டது வேறு.

"அதே குவளை இன்னும் எத்தன வீட்ல இருக்கு?"

"முப்பதுக்கு மேல இருக்கும்."

"அப்ப இங்க உக்காந்து எதுக்கு அழறீங்க? போய் அவங்ககிட்ட சொல்லுங்க."

அன்றே வாசனையக்கா தையற்காரியை அழைத்து, அந்தப் படத்தைத் திரும்பக் கேட்டாள். அவள் உடனே அனுப்பிவைத்தாள். வாசனையக்கா அதைத் தன் பக்கத்திலேயே போட்டு, நடந்தது முழுவதையும் எழுதினாள். பாராட்டிய வாய்களெல்லாம் ஒரே நாளில் சாபம் விட்டன. வாங்கினவர்களை ஒவ்வொருவராக அழைத்தபோதுதான் அடுத்த இடி விழுந்தது. தையற்காரியைத் தவிர, வாங்கினவர்கள் யாரும் அதை ஏற்றவே இல்லை. பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். பரிசு வாங்கினவர்கள் சிலர் அதை அப்படியே இன்னொரு புதுவீட்டுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார்கள். யார் வீட்டு மேசையில் எது இருக்கிறதென்று அவளால் உடனே கண்டுபிடிக்க முடியவில்லை.

கணவரிடமும் சொன்னாள். எங்க வேலையில கம்பியில ஒரு இழை அறுந்தா லிஃப்டையே நிறுத்திடுவோம், நீ தெரிஞ்சே என் தங்கச்சிய ஏத்தி அனுப்பிட்டியே என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு பல நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் கை மாறிய வழியைக் கேட்டுக் கேட்டு அவள் சேர்த்த முகவரிப் பட்டியலில் பாதியை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கினார். வந்தவர்களிடமெல்லாம் குறை பாடிய நாத்தனாரின் கணவர், இப்போது மனைவியின் முகத்தையே நிமிர்ந்து பார்க்க முடியாமல் திரிந்தார்.

ஒன்றரை மாதம் கழித்து வாசனையக்கா நாத்தனாரைத் தேடிப் பதிவேட்டு அறைக்குப் போனாள். கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இடது கையால் கோணல்மாணலாக எழுதிக்கொண்டிருந்தாள் அவள். நாலு வீடு தவிர எல்லாவற்றையும் திரும்ப வாங்கி உடைத்துப் போட்டுவிட்டதாக இவள் சொன்னாள். மெழுகு வேலையையும் விட்டுவிட்டதாகச் சொன்னாள். என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்டாள்.

நாத்தனார் பேனாவை வைத்தாள்.

"கண்ணாடி வெடிச்சத நான் எப்பவோ மன்னிச்சாச்சு அண்ணி. அது தெரியாம நடந்தது. ஆனா ஒருத்தி வந்து ஆபத்துன்னு சொன்னா. அவ வாய அடைச்சீங்க. அந்த இடத்துலதான் என் கை வெந்துச்சு. குறை சொல்றவங்க நம்ம பொழப்பக் கெடுக்க வர்றதில்ல. அடுத்தவங்களக் காப்பாத்த வர்றாங்க. நம்ம பேரக் காப்பாத்த அவங்களத் துரத்தினா, யாரோ ஒருத்தர் உடம்பால அதுக்கு விலை குடுக்கணும்." பேனாவை மறுபடி இடது கையில் எடுத்தாள். "இத நான் மன்னிக்க இன்னும் நாளாகும். என்னைக் கேக்காதீங்க."

வாசனையக்கா எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது.